பழைய ஸ்டவ் வியாபாரம்

சென்னை சென்ட்ரல் நிலையத்தை ஒட்டி, இப்போது புறநகர் ரயில்கள் வந்து நிற்கிற இடத்தில், 1900-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மூர் மார்க்கெட் என்ற சிவப்புக் கட்டிடம் நாலு பக்கமும் தாழ்வாரம் ஓட, நடுவே முற்றத்தோடு நின்றிருந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள். பழைய புத்தகங்களுக்காக அங்கே போனவர்கள் அதைப்பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நானோ புத்தகக் கடைகளைத் தாண்டி, கிராமபோன் பெட்டிகளும் ஓடாத கடிகாரங்களும் ஒற்றைக் கால் உடைந்த நாற்காலிகளும் குவிந்து கிடந்த பகுதிக்கு, என் சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனவன். சித்தப்பா பெரம்பூர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர் உத்தியோகம் பார்த்தார். சம்பளம் குடும்பத்துக்குப் போதுமானதாக இருந்தாலும், இரண்டு தங்கைகளின் கல்யாணக் கடன் இருந்தபடியால், விடுமுறை நாட்களில் உபரியாக ஒரு சிறு வியாபாரம் செய்துவந்தார். பழுதான பித்தளை ஸ்டவ்களை மலிவாக வாங்கி, வீட்டுப் பின்கட்டில் வைத்துச் சீர்செய்து, விற்பதே அந்த வியாபாரம். எனக்கு அப்போது பள்ளிக்கூடப் பருவம். விளையாடப் போகாமல் அவரோடு போனதற்குக் காரணம், வரும் வழியில் கிடைக்கும் மசால் வடை என்று சொன்னால் அது முழுப் பொய்யாகாது.

ஸ்டவ் என்றால் இன்றைய வாசகர்கள் காஸ் அடுப்பை நினைத்துக்கொள்வார்கள். நான் சொல்வது மண்ணெண்ணெயில் எரியும் பம்ப் ஸ்டவ்வை. ஸ்வீடன் தேசத்தில் ஸ்டாக்ஹோம் நகரத்தைச் சேர்ந்த லிண்ட்க்விஸ்ட் என்ற தொழிலாளி 1892-ஆம் ஆண்டு வாக்கில் உண்டாக்கிய ‘பிரைமஸ்’ அதன் ஆதி வடிவம். பிறகு ஆப்டிமஸ், ரேடியஸ், ஸ்வியா என்று அதே தேசத்திலிருந்து வேறு பெயர்களும், பம்பாய் முதலிய இடங்களிலிருந்து நம் நாட்டுச் சரக்கும் வந்தன. திரி இல்லை, புகை இல்லை, கரி இல்லை என்பதே அதன் விசேஷம். 1911-இல் ஆமுண்ட்சென் தென் துருவத்துக்குப் போனபோதும், 1953-இல் டென்சிங்கும் ஹில்லாரியும் எவரெஸ்டின் உச்சியை அடைந்த பயணத்திலும் பனியை உருக்கித் தண்ணீராக்கியது இந்தச் சாதனமே என்று சித்தப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். திருவல்லிக்கேணி மேன்ஷன் அறைகளில் காப்பி போட்டுக் குடித்த பிரமசாரி குமாஸ்தாக்களுக்கோ, விறகு வைக்க இடமில்லாத ஒண்டுக் குடித்தனப் பெண்களுக்கோ துருவமும் சிகரமும் அக்கறையில்லை. அதிகாலையில் அடுப்பை ஊதிக் கண்ணைக் கசக்காமல் பால் காய்ச்ச முடிந்தது என்பதே அவர்களுக்குப் பெரிய பாக்கியம்.

வாங்குவதிலேயே பாதி வியாபாரம் அடங்கியிருக்கிறது என்பது சித்தப்பாவின் சித்தாந்தம். கடைக்காரர் ஒரு ஸ்டவ்வை எடுத்து நீட்டினால், நான் மேலே பார்க்கும்போது சித்தப்பா கீழே பார்ப்பார். பித்தளைத் தொட்டியைத் தலைகீழாகத் திருப்பி, அடித்தகட்டை உள்ளங்கையால் தடவுவார். அது உட்குழிந்து இருக்கவேண்டும். வெளியே உப்பியிருந்தால், என்றோ ஒரு நாள் அளவுக்கு மீறிக் காற்றடித்தோ, சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறியோ உலோகம் தன் வடிவை இழந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த ஸ்டவ்வைக் கடைக்காரர் சும்மா கொடுத்தாலும் அவர் தொடமாட்டார். மேலே கரி ஏறியிருப்பதும், கால் ஒன்று வளைந்திருப்பதும், பம்பின் கைப்பிடி போயிருப்பதும் அவருக்குக் குறைகளாகவே தோன்றா. சொல்லப்போனால், விலையைக் குறைத்துக் கேட்பதற்கு அவையே அவருக்குச் சாதகமான சாட்சிகள். பிரைமஸ் கம்பெனிக்காரர்கள் 1911 முதல் ஆண்டுக்கு ஓர் எழுத்தாகத் தொட்டியில் முத்திரை குத்தி வந்தார்கள். அந்த எழுத்தைத் தேடிப் பார்த்து, “இது உன் தாத்தா கல்யாணம் பண்ணிக்கிட்ட காலத்துச் சரக்குடா” என்று என்னிடம் மெதுவாகச் சொல்வார், கடைக்காரர் காதில் விழாதபடி.

வீட்டுக்கு வந்ததும் முதல் காரியம், தொட்டியில் கொதிநீரும் சலவைச் சோடாவும் ஊற்றிக் குலுக்கிக் குலுக்கிக் கொட்டுவது. பழைய எண்ணெய் பிசினாகி அடியில் ஒட்டியிருக்கும். அது போகும்வரை வேறு எதிலும் கை வைக்கக் கூடாது. தொட்டியில் எங்கேனும் பற்று விட்டுப்போய், ஈயம் வைக்க நேர்ந்தால், ஓட்டைக்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் நிரப்பிக்கொண்டே வேலையைத் தொடங்குவார். காலி என்று நாம் நினைக்கும் தொட்டியில் எண்ணெயின் ஆவி தங்கியிருக்கும், நெருப்புக் காட்டினால் அதுவே வெடிக்கும் என்பதைப் பட்டறையில் கற்றவர் அவர். பர்னர் அருகில் உள்ள இணைப்பு விட்டுப்போயிருந்தால் ஈயப் பற்றே வைக்கமாட்டார். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரி சென்டிகிரேடிலேயே இளகத் தொடங்கிவிடும். நெருப்புக்குப் பக்கத்தில் அதை வைப்பது, ‘என்றாவது உருகு’ என்று சொல்லி வைப்பதற்குச் சமானம். அந்த இடத்துக்கு வெள்ளி கலந்த பற்றுத்தான். அதற்குச் செலவு அதிகமானால், பர்னரையே மாற்றிவிடுவார்.

பர்னரைச் சுத்தம் செய்வதுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். அதன் உள் குழாய்களில் கரி அடைத்துக்கொண்டிருக்கும். எந்தக் கம்பியும் அங்கே வளைந்து நுழையாது. சித்தப்பா அதைக் கரி அடுப்பில் போட்டுத் துருத்தி ஊதச் சொல்வார். செக்கச் செவேலென்று பழுத்ததும் இடுக்கியால் எடுத்துத் தண்ணீர் வாளியில் போடுவார். ‘சுர்’ரென்று ஓசை எழும், உலோகம் ஒரு வேகத்திலும் உள்ளே இறுகிய கரி வேறு வேகத்திலும் சுருங்குவதால் கரி வெடித்து உதிர்ந்து, தட்டினால் பொடியாகக் கொட்டும். பிறகு நிப்பிள். மண்ணெண்ணெய் ஆவியாகி வெளிவரும் அந்தத் துவாரத்தின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே. அடைப்பு எடுக்க ஸ்டவ் பின் என்று விற்பார்கள். தகட்டுப் பிடியின் நுனியில் மயிரிழை போன்ற ஒரு கம்பி. பின் கிடைக்காத வீடுகளில் கிடைத்த கம்பியைக் குத்தித் திருகித் துவாரத்தை அகலப்படுத்திவிடுவார்கள். அப்படிக் கெட்டுப்போன நிப்பிளைச் சித்தப்பா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத் தூர எறிவார். ஆவி கோணலாகப் பீறிட்டால் காற்றோடு சரியாகக் கலக்காது, நீலமாக எரியவேண்டிய ஜுவாலை மஞ்சளாகி, பாத்திரத்தில் கரி பிடிக்கும்.

பம்பின் உள்ளே கிண்ண வடிவில் ஒரு தோல் வாஷர் உண்டு. காய்ந்து சுருங்கினால் எத்தனை அடித்தாலும் காற்று ஏறாது. செருப்புத் தைப்பவரிடம் மெல்லிய தோல் துண்டு வாங்கி வந்து, வட்டமாக வெட்டி, தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து, விரலால் விரித்து விரித்துப் பதமாக்குவது என் வேலை. பம்பின் அடியில் இருக்கும் சிறு வால்வில், ஏறிய காற்றும் எண்ணெயும் திரும்பி வராமல் அடைத்துக்கொள்ள ஒரு தக்கை இருக்கும். மருந்துப் புட்டியின் தக்கையைச் சீவி அந்த இடத்தில் வைப்போம். பர்னர் தொட்டியில் உட்காரும் இடத்தில் ஓர் ஈய வாஷர்; பழையதை ஒருபோதும் மறுபடி போடக் கூடாது, ஒரு தரம் நசுங்கிய ஈயம் இரண்டாம் தரம் நம்பத்தக்கதல்ல. இவ்வளவும் ஆனபின், ஸ்டவ்வைத் தண்ணீர் வாளிக்குள் முழுக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு நான் காற்றடிக்க, சித்தப்பா குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். எங்கேயாவது ஒரே ஒரு குமிழி எழுந்தாலும் மறுபடி அவிழ்த்துவிடுவார். வாளிப் பரீட்சை தேறாத எந்த ஸ்டவ்வுக்கும் அடுத்த பரீட்சை கிடையாது.

அடுத்த பரீட்சை நெருப்பு. பர்னரைச் சுற்றியுள்ள கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்து, குழாய் நன்றாகச் சூடேறிய பிறகே பம்ப் அடிக்கவேண்டும். மாகாணம் முழுவதும் 1948 முதல் மதுவிலக்கு அமலில் இருந்தபடியால், ஸ்பிரிட் வாங்கப் போகும் என்னைக் கடைக்காரர் ஏற இறங்கப் பார்ப்பார். ‘ஸ்டவ்வுக்கா, உங்க சித்தப்பாவுக்கா?’ என்று ஒரு கடைக்காரர் கேட்டதை வீட்டில் சொன்னபோது சித்தி சிரித்த சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. ஸ்பிரிட்டுக்குக் காசு செலவழிக்க மனமில்லாத வீடுகளில் மண்ணெண்ணெயில் நனைத்த துணியைக் கொளுத்திச் சூடேற்றுவார்கள். அல்லது சூடேறும்வரை பொறுக்காமல் பம்ப் அடித்துவிடுவார்கள். ஆவியாகாத எண்ணெய் நீராகவே பீச்சியடித்து, மஞ்சள் ஜுவாலை கூரைவரை எழும். அந்த நேரத்தில் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: காற்றுத் திருகைத் திறந்துவிடுவது. பதறிப்போய் மேலும் பம்ப் அடிப்பவர்களும், ஸ்டவ்வைத் தள்ளிவிடுபவர்களும் உண்டு. ஊரில் ‘ஸ்டவ் வெடித்தது’ என்று சொல்லப்பட்டவற்றில் பல இப்படிப் பொங்கியவையே என்பது சித்தப்பாவின் அபிப்பிராயம்.

மெருகு கடைசியில்தான். புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்ப்பது சித்தியின் முறை. பிராஸோ தடவித் துணியால் துடைப்பது சித்தப்பாவின் முறை. சக்கரத்தில் பிடித்துப் பளபளப்பாக்கினால் ஒரு நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும் என்று பட்டறை நண்பர் ஒருவர் சொன்னபோது, தகடு தேய்ந்து மெலிந்துவிடும் என்று மறுத்துவிட்டார். அவர் தொடாத இன்னொன்று, தொட்டியில் வெட்டியிருக்கும் பெயர். சீர்வரிசைப் பாத்திரங்களில் பெயர் வெட்டித் தருவது நம்மவர் சம்பிரதாயமல்லவா? பெண்ணின் பெயரும், தகப்பனார் பெயரின் முதல் எழுத்தும், சில சமயம் கல்யாணத் தேதியும் அதில் இருக்கும். அதை அராவி அழித்தால் புதிது என்று சொல்லி நாலு ரூபாய் கூட வைத்து விற்கலாம் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். “பழசைப் பழசுன்னு சொல்லி விக்கிறதுக்கு வெக்கம் என்ன?” என்பது அவர் பதில்.

வாங்க வருகிறவர்கள் பார்ப்பது மெருகை மட்டுமே. விரலால் தட்டிப் பார்ப்பார்கள், முகம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள், விலையைக் குறைத்துக் கேட்பார்கள். பெண்ணைத் தனிக்குடித்தனம் வைக்கப்போகிற ஓர் அம்மாள் வந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, விலையும் பேசிய பிறகு, போகிற போக்கில் கேட்பதுபோல் கேட்டார்:

“வெடிச்சுடாதே, ஐயா?”

சித்தப்பா ஸ்டவ்வைக் கட்டிக் கொடுக்காமல் மறுபடி தரையில் வைத்தார். “உட்காருங்கம்மா” என்று சொல்லி, ஸ்பிரிட் ஊற்றுவதிலிருந்து அணைப்பதுவரை முழுவதையும் அந்த அம்மாளையே செய்யச் சொன்னார். எண்ணெயை முக்கால் தொட்டிக்கு மேல் ஊற்றாதே, எரியும்போதோ சூடாக இருக்கும்போதோ மூடியைத் திறந்து எண்ணெய் விடாதே, தலைப்பை இடுப்பில் செருகிக்கொள், அணைக்கும்போது ஊதாதே, காற்றைத் திறந்துவிடு என்று பெண்ணுக்குச் சொல்லவேண்டியவற்றைத் தாயாருக்குச் சொல்லிக்கொடுத்தார். நைலான் புடவை பரவத் தொடங்கியிருந்த காலம். அடுப்படியில் நூல் புடவையே கட்டவேண்டும், நைலான் உருகித் தோலோடு ஒட்டிவிடும் என்றும் சொன்னார். அந்த அம்மாள் போனபின், ஒரு மணி நேரம் வீணாயிற்றே என்று நான் சொன்னதற்கு, “வெளிப்பக்கத்தை அவங்களே பாத்துக்குவாங்கடா. அவங்க பாக்க முடியாததைப் பாத்துக் குடுக்கத்தான் நமக்குக் காசு” என்றார். அவருடைய வியாபார தர்மம் முழுவதும் அந்த ஒரு பேச்சில் இருந்ததாக இப்போது எனக்குப் படுகிறது.

நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு ஒரு நாள் மாலை, இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் சாக்குப் பையில் ஒரு ஸ்டவ்வைக் கொண்டுவந்து, வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டார். விலையைப்பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. தொட்டியில் ஒரு பெண்ணின் பெயரும் இரண்டு ஆண்டுகளுக்கு முந்திய தேதியும் வெட்டியிருந்தன. “தங்கச்சியோடது. இது வெடிச்சுத்தான் போயிட்டா. சீர்ச் சாமானெல்லாம் திருப்பிக் குடுத்துட்டாங்க. இதை வீட்டுல வெச்சிருக்க அம்மாவால முடியலை” என்றார். சித்தப்பா ஒன்றும் சொல்லாமல், எந்த ஸ்டவ் வந்தாலும் செய்வதையே செய்தார். தலைகீழாகத் திருப்பி அடித்தகட்டைத் தடவினார். பிறகு விளக்கைப் பக்கத்தில் கொண்டுவரச் சொன்னார். அடி உப்பவில்லை. சுற்றுப் பற்று எங்கும் இளகவில்லை. மூடி மூடியபடி இருந்தது; ஈய வாஷர் ஒரே சீராக நசுங்கி இருந்தது. வாளியில் முழுக்கிக் காற்றடித்தார். குமிழி ஒன்றும் எழவில்லை. ஸ்பிரிட் ஊற்றிச் சூடேற்றிப் பற்றவைத்தார். நீலமாக, ஒரே இரைச்சலாக எரிந்தது. வந்தவர் சுவரோரமாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காற்றைத் திறந்து அணைத்துவிட்டு, “தம்பி, இந்த ஸ்டவ் வெடிக்கலை. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது, தெரியாததைச் சொல்லவும் மாட்டேன்” என்றார் சித்தப்பா. சிறிது நேரம் கழித்து அந்த மனிதர், அதை எழுதித் தர முடியுமா என்று கேட்டார். சித்தி கதவருகில் நின்று, வேண்டாம் என்று கண்ணால் சொன்னது எனக்குத் தெரிந்தது, சித்தப்பாவுக்கும் தெரிந்திருக்கும். பரிசோதித்தது எது எது, கண்டது என்ன என்று வரிசையாக ஒரு முழுத் தாளில் எழுதி, தம் பெயரையும் உத்தியோகத்தையும் கீழே எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். ஸ்டவ்வை வாங்க மறுத்துவிட்டார். “இதை இப்ப விக்காதீங்க, பத்திரமா வைங்க” என்றார். அந்தத் தாளால் ஏதேனும் பயன் விளைந்ததா என்பது எங்கள் காதுக்கு எட்டவில்லை. ஆனால் அதன்பின் பத்திரிகையில் ‘ஸ்டவ் வெடித்து இளம்பெண் மரணம்’ என்று நாலு வரிச் செய்தி வரும்போதெல்லாம், சித்தப்பா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, “எது வெடிச்சுதுன்னு யாரும் திருப்பிப் பாக்கலையே” என்பார். வரதட்சிணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்திருந்தது. ஆயினும் கணவன் வீட்டாரின் கொடுமையைத் தனிக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு 1983-இலும், கல்யாணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் தீயாலோ வேறு விபரீதமாகவோ நேரும் சாவுகளை வரதட்சிணைக் கொடுமையோடு சேர்த்து ஆராயவைத்த பிரிவு 1986-இலுமே தண்டனைச் சட்டத்தில் ஏறின. அதுவரை எத்தனையோ வீடுகளில் பழியை ஏற்றுக்கொண்டது, வாய் திறந்து பேச முடியாத பித்தளைத் தொட்டிதான்.

வியாபாரம் அதற்கு முன்னமே தளர்ந்துவிட்டது. இண்டேன் காஸ் 1965-இல் வந்தது. மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1969-இல் ஓடத் தொடங்கியது. சிலிண்டருக்குப் பெயர் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக இணைப்புப் பெற்றதும், பித்தளை ஸ்டவ்கள் பரணுக்குப் போய், பரணிலிருந்து எடைக்குப் போயின. மூர் மார்க்கெட் 1985 மே மாதம் தீயில் அழிந்தபோது சித்தப்பா ஓய்வு பெற்றுச் சில காலம் ஆகியிருந்தது. கடன்களையெல்லாம் அடைத்துவிட்டார், ஆனாலும் யாராவது பழுதான ஸ்டவ்வைக் கொண்டுவந்தால், கூலியைப் பற்றிப் பேசாமலே உட்கார்ந்துவிடுவார். அவருக்குப் பிறகு அவருடைய ஆயுதப் பெட்டி எனக்கு வந்தது.

இப்போது பித்தளை ஸ்டவ்வுக்கு மறுபடியும் ஒரு மதிப்பு வந்திருக்கிறது. வரவேற்பறையில், பழைய கூஜாவுக்கும் வெற்றிலைப் பெட்டிக்கும் பக்கத்தில் வைக்க, நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள். பொழுதுபோக்காக நானும் சிலவற்றை வாங்கிச் சீர்செய்து விற்றிருக்கிறேன். தோல் வாஷர் புதிது, நிப்பிள் புதிது, தண்ணீரில் முழுக்கிப் பார்த்தாயிற்று என்று நான் விவரிக்கத் தொடங்கினால், வாங்க வந்தவர்கள் மரியாதைக்காகக் கேட்டுக்கொள்கிறார்கள். ‘நாங்க எங்கே சார் பத்தவைக்கப் போறோம்? பாலிஷ் மட்டும் போட்டுக் குடுங்க போதும்’ என்று ஓர் இளைஞர் வெளிப்படையாகவே சொன்னார். அவர் சொன்னது நியாயந்தான். உள்வேலைக்குச் செலவாகும் நேரத்தை அவர் கணக்கில் சேர்க்கவும் வேண்டாம். ஆனாலும் உப்பிய அடியோடு ஒரு ஸ்டவ்வை மெருகிட்டு விற்க எனக்குக் கை வரவில்லை. தொட்டியும் பம்பும் பர்னரும் இருக்கிறவரையில் அது அடுப்பே. இந்த இளைஞர் பற்றவைக்கமாட்டார். இவர் வீட்டுக்கு விருந்து வருகிற ஒரு பெரியவரோ, பத்து வருஷம் கழித்து இவரிடமிருந்து வாங்கிப் போகிற வேறொருவரோ, ஓர் ஆசைக்கு எண்ணெய் ஊற்றி ஒரு தீக்குச்சியைக் கிழிக்கக்கூடும். அந்த மனிதரிடம் நான் காசு வாங்கப்போவதில்லை, அவர் முகத்தைப் பார்க்கப்போவதும் இல்லை; ஆனாலும் அவருக்கும் சேர்த்துத்தான் இந்த விற்பனை நடக்கிறது.